பதினாறு வயதுத் தாயும் 1995 ஆம் ஆண்டுச் சட்டங்களும்

இலங்கைப் பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெறும் ஒரு செய்தி உண்டு. பாடசாலை மாணவி ஒருத்தி கர்ப்பமுற்றிருப்பது வைத்தியசாலையில் தெரியவரும். வைத்தியசாலை பொலிஸாருக்கு அறிவிக்கும். இளைஞர் ஒருவர் கைதாகி, நீதிவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலில் வைக்கப்படுவார். செய்தி அத்துடன் முடிந்துவிடும். இத்தகைய செய்திகளைப் பல ஆண்டுகள் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியவன் என்ற வகையில் ஒன்றைச் சொல்வேன்: செய்தி முடியும் இடத்தில்தான் அச்சிறுமியின் பிரச்சினை தொடங்குகிறது. அவளுக்கு முன்னால் இருந்த வழிகளை யார் திறந்தார்கள், யார் அடைத்தார்கள் என்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சட்ட வரலாறு உண்டு.

பிரித்தானியர் காலத்துச் சட்டங்கள் இவ்விடயத்தில் தயங்கவில்லை. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, பாலுறவுக்குச் சம்மதம் தெரிவிக்கும் வயதாகப் பெண்ணுக்கு 12 ஐ வகுத்தது. 1907 ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் ஆணுக்கு 16 வயதையும் பெண்ணுக்கு 12 வயதையும் மணவயதாக ஏற்றது. ஆனால், ஐரோப்பிய அல்லது பறங்கிப் பெற்றோரின் மகளாயின் 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒரே தீவில் பிறந்த சிறுமியரின் குழந்தைப் பருவத்துக்கு இனவாரியாக இரு அளவுகோல்கள்! 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம் குறைந்தபட்ச வயதை வகுக்கவில்லை. 12 வயதுக்குட்பட்ட சிறுமியின் திருமணத்துக்குக் காதியாரின் அனுமதி வேண்டும் என்று மட்டுமே கூறியது. 1952 ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டமோ, உரிய வயதை அடையாதோரின் திருமணமும் அதில் ஒரு குழந்தை பிறந்துவிட்டால் செல்லுபடியாகும் என்றது. இவை அனைத்தினதும் உட்பொருள் ஒன்றே. சிறுமி கருவுற்றால் அதற்குப் பரிகாரம் திருமணம்.

சட்டம் அசையாது நின்றபோதும் சமூகம் நகர்ந்தது. 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கைப் பெண்களின் சராசரி மணவயது ஏறத்தாழ 18. 1981 இல் அது 24 ஐத் தாண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மணவயதுச் சட்டம் மாறவில்லை. பாடசாலைதான் வந்தது. 1945 இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்த பின்னர், பெண் பிள்ளையைப் படிக்கவிடுவதற்குச் சாதாரணக் குடும்பங்களுக்கும் வழி பிறந்தது. சட்டம் செய்யத் தவறியதைச் சட்டைப் புத்தகப் பையும் வகுப்பறையும் ஓசையின்றிச் செய்து முடித்தன.

1995 இல்தான் பாராளுமன்றம் விழித்துக்கொண்டது. மணவயது இருபாலாருக்கும் 18 ஆக உயர்த்தப்பட்டது. சம்மத வயது 12 இலிருந்து 16 ஆயிற்று. முஸ்லிம் விவாகச் சட்டம் மட்டும் தொடப்படவில்லை. இதனால், 12 வயதைக் கடந்த மனைவியைப் புதிய பாதுகாப்பிலிருந்து விலக்கும் வாசகமும் தண்டனைச் சட்டக்கோவையில் இடம்பிடித்தது. அதே ஆண்டில், வன்புணர்வு, தகாத உறவு, சிசுவின் பாரிய குறைபாடு ஆகிய சந்தர்ப்பங்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் யோசனையும் முன்வைக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்ததும் அது மீளப்பெறப்பட்டது. ஆகவே 1883 இன் 303 ஆம் பிரிவு அப்படியே நின்றது. தாயின் உயிரைக் காப்பதற்கன்றி வேறெதற்காகவும் கருவைக் கலைத்தல் குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை. சிசு அசையத் தொடங்கிய பின்னராயின் ஏழு ஆண்டுகள் வரை. கருவுற்ற பெண்ணும் அத்தண்டனைக்கு உரியவளே.

மணவயதை உயர்த்தியது மிகச் சரியான காரியம். அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பழைய பரிகாரமான திருமணத்தை அடைத்த சட்டம், அதற்குப் பதிலாக வேறெந்தக் கதவையும் திறக்கவில்லை. பெற்றோர் சம்மதித்தாலும் 18 வயதுக்கு முன்னர் திருமணம் இல்லை என்பதை 2002 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. பதினாறு வயதைக் கடந்த பெண்ணின் உறவு குற்றமன்று. ஆனால் அவள் மணமுடிக்க முடியாது. கருவைக் கலைக்கவும் முடியாது. பதினாறுக்குக் குறைந்தவளாயின், காதலனே எதிரி. வழக்கு மேல் நீதிமன்றத்தை அடைந்து முடிவதற்குள் குழந்தை பாடசாலைக்குப் போகும் வயதை எட்டிவிடுவதும் உண்டு. இத்தகைய குற்றத்துக்கான கட்டாயக் குறைந்தபட்சச் சிறைத்தண்டனை நீதிபதியின் தற்றுணிபைக் கட்டுப்படுத்தாது என 2008 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆணின் தண்டனை பற்றிய விவாதம் அந்த அளவுக்கேனும் நகர்ந்தது. பெண்ணின் வாழ்வு பற்றிய விவாதம் நகரவில்லை.

திருமணத்தைப் புகலிடமாகக் கொண்டால் என்ன நேரும் என்பதை வன்னி கண்டது. 2007, 2008 ஆம் ஆண்டுகளில் விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்பு உச்சத்தை அடைந்தபோது, மணமானவர்களை அழைத்துச் செல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டுவித்தனர். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகள் பதுங்குகுழிகளில் குடும்பம் நடத்தினர். பின்னர் அந்த நம்பிக்கையும் பொய்த்தது. 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குள் கைக்குழந்தையுடன் நுழைந்த இளந்தாய்மார் பலரிடம் விவாகப் பதிவு இல்லை. சிலருடைய கணவன்மாரும் இல்லை. பிள்ளையைக் காக்கவென்று பெற்றோர் செய்த திருமணம் அது. அவர்களைக் குறை சொல்லும் தகுதி அக்காலத்தில் அங்கு வாழாத எவருக்கும் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டுகளாகப் பாடசாலை கட்டியெழுப்பியதை இரண்டு ஆண்டுகளில் போர் இடித்துவிட்டது.

எஞ்சிய வழி, பெற்ற பிள்ளையைக் கொடுத்துவிடுவது. 1941 ஆம் ஆண்டின் மகவேற்புக் கட்டளைச் சட்டம் அதற்கு இடமளித்தது. ஆனால் 1980 களில் ஆயிரக்கணக்கான சிசுக்கள் தரகர்கள் வழியாக ஐரோப்பாவுக்குச் சென்றன. வளர்ந்து பெரியவர்களாகித் தம் தாயைத் தேடி இலங்கைக்கு வந்த பலருக்குப் பொய்யான பிறப்புப் பத்திரங்களே எஞ்சியிருந்தன.

பிள்ளையைத் தானே வளர்க்கத் துணிந்தவளுக்குச் சட்டம் கொடுத்தது 1999 ஆம் ஆண்டின் தாபரிப்புச் சட்டம். திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்கும் தந்தை செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் தந்தை மறுத்தால், அவனே தந்தை என்பதை அவள் நிரூபிக்க வேண்டும். பதினேழு வயதுப் பெண் எந்தப் பணத்தில், யார் துணையுடன் நீதிமன்றப் படியேறுவாள்? பிறப்புச் சான்றிதழிலும் பெற்றோர் விவாகமானவர்களா என்ற வினா நெடுங்காலம் இருந்தது. பாடசாலை அனுமதிக்கு அதனை நீட்டிய ஒவ்வொரு முறையும் தாயின் கதை அலுவலக மேசையில் விரிக்கப்பட்டது.

1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கப்பட்ட காலந்தொட்டு, குடும்பநல மாது கர்ப்பிணியின் வீடு தேடிப் போகிறாள். இளந்தாய்க்கு இரத்தச்சோகை, உயர் குருதியமுக்கம், நிறை குறைந்த சிசு போன்ற ஆபத்துகள் அதிகம் என்பதை அறிந்து அவளைக் கண்காணிக்கும் அமைப்பு நம்மிடம் ஒரு நூற்றாண்டாக உண்டு. கட்டாயக் கல்வி வயதும் 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. வீட்டுப் படலையைத் திறந்து மருத்துவமாது வருவதைப் போல ஆசிரியரும் வந்து, "பிள்ளை பிறந்த பிறகு வகுப்புக்கு வா" என்று அவளை அழைக்கும் நாளில்தான் 1995 இல் தொடங்கிய வேலை நிறைவுபெறும். வயதெல்லையை வகுப்பது சட்டத்தின் கடமை. அந்த எல்லைக்கு இப்பால் ஏற்கெனவே தாயாகி நிற்பவளைக் கைவிடாதிருப்பதும் அதன் கடமையே.