காண்டன் மண்டபமும் கணக்கில் வராத ஆட்டமும்

அமெரிக்கர்கள் ‘ஃபுட்பால்’ என்று குறிப்பிடுவது பிற நாடுகளில் அப்பெயரால் வழங்கும் ஆட்டத்தை அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் அந்த ஆட்டம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குள்ள கல்லூரிகளில் உருவாகி, பின்னர் ஓஹையோ, பென்சில்வேனியா மாநிலங்களின் ஆலை நகரங்களில் கூலிக்கு ஆடும் தொழிலாக வேரூன்றியது. 1920 செப்டம்பர் 17 அன்று ஓஹையோவின் காண்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் அணிகளை நடத்துவோர் கூடி நிறுவிய சங்கமே 1922இல் தேசியக் கால்பந்து லீக் எனப் பெயர் மாறியது. இந்தப் பிறப்புரிமையைக் காட்டி உள்ளூர் நாளிதழ் ஒன்று 1959இல் எழுப்பிய கோரிக்கையின் பயனாக, ஆட்டத்தின் பெரும்புள்ளிகளுக்கான புகழ் மண்டபம் 1963 செப்டம்பர் 7 அன்று அதே நகரில் திறக்கப்பட்டது. தேர்வு பெற்றவரின் மார்பளவு வெண்கலச் சிலை அங்கு வைக்கப்படும். முதல் ஆண்டில் அந்தப் பேறு பெற்றவர்கள் 17 பேர்.

தேர்ந்தெடுக்கும் பொறுப்பு தொடக்கம் முதலே பெரும்பாலும் விளையாட்டுச் செய்தியாளர்களிடம் இருந்து வருகிறது. ஆடுவதை நிறுத்தி ஐந்து ஆண்டுகள் கழிந்த ஒருவரின் பெயர் இறுதிச் சுற்றுக்கு வந்ததும், மூடிய அவையில் அவருக்காக ஒரு செய்தியாளர் வழக்கறிஞரைப் போல எழுந்து வாதாடுவார். வாக்காளர்களில் நூற்றுக்கு எண்பது பேரேனும் இசைந்தால்தான் கதவு திறக்கும். ஆனால் எத்தனை ஆண்டுகள் ஆடியிருக்க வேண்டும், எத்தனை கெஜம் ஓடியிருக்க வேண்டும் என்ற அளவுகோல் எதையும் விதிகள் வகுக்கவில்லை. 2021இல் புகழ்பெற்ற ஆட்டக்காரர் பெய்டன் மேனிங்கின் பெயர் வந்தபோது 13 நொடிகளில் பேச்சு முடிந்துவிட்டது என்பர். மற்றவர்களுக்கு அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் எண்ணக்கூடியதே தகுதியாகிவிடுகிறது.

இதனால் முதலில் இழப்புக்கு உள்ளானவர்கள் முன்வரிசைக் காவலர்கள். ஓர் அணியின் பதினொருவரில் பந்தைத் தொடுவோர் சிலரே. ஏனையோர், குறிப்பாக நடுவில் நிற்கும் ஐவர், எதிரிகளை மறித்து வழி உண்டாக்குகின்றனர், அவ்வாறு மறித்ததற்குக் கணக்கேட்டில் ஒரு பத்தியும் இல்லை. கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் ஜெரி கிரேமர் இவ்வகையினர். 1960களில் அந்த அணி வென்ற ஐந்து பட்டங்களிலும் பங்குகொண்டவர், லீக்கின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில் அமைக்கப்பட்ட சிறந்தோர் அணியில் இடம்பெற்றவர். அப்படியிருந்தும் பத்து முறை இறுதிச் சுற்றுவரை வந்து திரும்பி, ஓய்வுபெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து 2018இல்தான் மண்டபத்துக்குள் நுழைந்தார். ஒரே அணியிலிருந்து ஏற்கெனவே பலர் சேர்ந்துவிட்டனர் என்பது அவருக்கு எதிராகச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. உடன் ஆடியவர்களின் சிறப்பு ஒருவருக்குக் குறையாவது விந்தையான நீதிதான்.

கணக்கேடு தாமதமாகத் திறக்கப்பட்டதாலும் சிலர் கெட்டனர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கை அவர் எறியுமுன் வீழ்த்துவது ‘சாக்’ எனப்படும்; தற்காப்பு ஆட்டக்காரரின் மதிப்பை இன்று பெரிதும் தீர்மானிக்கும் இந்த எண்ணிக்கையை லீக் 1982இல்தான் அதிகாரபூர்வமாகக் குறிக்கத் தொடங்கியது. நியூயார்க் ஜெட்ஸ் அணியின் ஜோ கிளெக்கோ அதற்கு முந்தைய ஆண்டில் 20.5 சாக் எடுத்திருந்தார் (இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை). ஓராண்டு முந்தியதால் ஏட்டில் ஏறாத அந்தச் சாதனைக்குரியவரை மண்டபம் 2023இல் ஏற்றது. பந்தை உதைப்பதற்கென்றே களமிறங்குவோருக்கும் கதவு தாமதமாகவே திறந்தது: தூர உதைக்கும் ‘பன்ட்டர்’ வகையில் முதல்வராக ரே கை 2014இல் சேர்ந்தார்.

ஆடிய காலத்தின் நீளமா, ஆட்டத்தின் உச்சமா என்ற வழக்கு இவற்றினும் பழையது. முழங்கால் சிதைந்து 68 ஆட்டங்களோடு ஓய்ந்த சிகாகோவின் கேல் சேயர்ஸை 1977இல், அவருடைய 34ஆம் வயதில், மண்டபம் தயங்காமல் ஏற்றது. ஆனால் அந்தத் தீர்ப்பு முன்னுதாரணமாக மதிக்கப்படவில்லை. 1998இல் ஒரே பருவத்தில் 2,008 கெஜம் ஓடிய டெரல் டேவிஸ் 2017 வரையிலும், கழுத்துக் காயத்தால் ஏழே பருவங்களில் ஆட்டத்தை முடித்துக்கொண்ட ஸ்டெர்லிங் ஷார்ப் 2025 வரையிலும் காத்திருந்தனர்.

களத்தில் நிகழ்ந்ததை மட்டுமே வாக்காளர்கள் எடைபோட வேண்டும் என்பது மண்டபத்தின் விதி. எனினும் பந்தைப் பிடித்து 15,934 கெஜம் ஈட்டிய டெரல் ஓவன்ஸ் இரு முறை மறுக்கப்பட்டபோது, அணியினருடனும் பயிற்சியாளர்களுடனும் அவர் கொண்ட பூசல்கள் களத்தைச் சேர்ந்தவையே என்று வாதிடப்பட்டது. 2018இல் தேர்வானதும் அவர் காண்டனுக்கு வர மறுத்து, சாட்டனூகாவில் தாம் படித்த பல்கலைக்கழகத்தில் தனியே விழா எடுத்துக்கொண்டார்.

இந்த விதியின் முழு முரணும் வெளிப்படுவது இருவரின் வரலாற்றில். 1920இல் அக்ரன் அணி பட்டம் வெல்ல ஆடியவரும், மறு ஆண்டில் அதன் பயிற்சியாளராகி லீக்கின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஆனவருமான ஃபிரிட்ஸ் போலார்டின் பெயர் 1963 பட்டியலில் இல்லை. லீக்கின் அதிகாரபூர்வப் புள்ளிவிவரங்கள் தொடங்கியதே 1932இல். போலார்டோ 1926இல் லீக்கை விட்டுப் போயிருந்தார். 1934 முதல் 1945 வரை கறுப்பினத்தவர் எவரையும் எந்த அணியும் சேர்க்கவில்லை. அந்தத் தடையின் தூணாகக் கருதப்பட்ட வாஷிங்டன் அணி உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல், மற்ற அணிகள் மாறிய பின்னும் பிடிவாதம் தளராமல், அரங்கம் கூட்டரசு நிலத்தில் இருப்பதைக் காட்டி அரசு நெருக்கிய பிறகே 1962இல் இணங்கினார். அடுத்த ஆண்டே அவர் முதல் பதினேழு பேருள் ஒருவரானார். ஆட்ட விதிகளையும் இறுதிப் போட்டி முறையையும் சீர்திருத்தியதில் அவருக்குப் பங்குண்டு என்பது உண்மை. ஆனால் உரிமையாளர் ஒருவருக்குக் களம் என்பது எது, அவர் யாரை அணியில் சேர்த்தார் என்பது அன்றோ?

போலார்டை மண்டபம் 2005இல், அவர் இறந்து 19 ஆண்டுகள் கழித்து, ஏற்றது. வாஷிங்டனில் பழைய அரங்கின் முன் நின்ற மார்ஷலின் நினைவுச் சின்னம் 2020 ஜூனில் பெயர்த்து எடுக்கப்பட்டது. காண்டனில் அவருடைய பெயர் முதல் ஆண்டுப் பட்டியலில் அப்படியே இருக்கிறது.