தொன்மொழி என்னும் கருத்து: ஜொகூர்க் கற்பூர மொழியை முன்வைத்துச் சில எண்ணங்கள்

உலகின் மூத்த மொழி எது என்னும் வினா நம் வகுப்பறைகளுக்குப் புதியதன்று. தமிழே என்னும் விடையும் பள்ளிப் பேச்சுப் போட்டிகள் தொடங்கி மாநாட்டு மேடைகள் வரை ஒலித்து வருவதாகும். அவ்விடையை நிறுவுதலோ மறுத்தலோ இக்கட்டுரையின் நோக்கமன்று. எழுத்துச் சான்றின் தொன்மை வேறு, பேச்சின் தொன்மை வேறு. இவ்விரண்டும் அவ்வினாவுள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து நோக்குவதற்கு, தமிழோடு தொடர்பற்றது போல் தோன்றும் ஒரு சான்றினை ஜொகூர் மாநிலத்துக் காடுகளிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

எழுத்துச் சான்றினை முதலில் காண்போம். சுமேரிய மொழியும் எகிப்திய மொழியும் ஏறத்தாழ கி.மு. 3200ஐ ஒட்டி எழுத்துருப் பெறத் தொடங்கின. சீன மொழிக்குக் கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த எலும்பெழுத்துகள் உள்ளன. கிரேக்கத்தின் வரலாறு இங்கு ஒரு பாடமாக அமைகின்றது. 1952க்கு முன்னர் அம்மொழியின் எழுத்துச் சான்று கி.மு. 8ஆம் நூற்றாண்டிலிருந்தே எண்ணப்பட்டது. அவ்வாண்டில் மைக்கேல் வென்ட்ரிஸ் ‘நேர்கோட்டு எழுத்து ஆ’ எனப்படும் களிமண் பலகை எழுத்தைப் படித்தறிந்தபோது, அச்சான்று ஒரே வீச்சில் அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் சென்றது. அதனால் கிரேக்க மொழி மூப்படைந்துவிடவில்லை. நம் அறிவே விரிந்தது.

தமிழுக்கும் இது பொருந்தும். ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட பெருநூலில் தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டில் தொடங்குவனவாகக் கணித்தார். 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகற்களும், பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் எழுத்துப் பொறித்த கலப்பொருளோடு கிடைத்து கி.மு. 490 எனக் கணிக்கப்பட்ட நெல்மணிகளும் அவ்வெல்லையை முன்னுக்குத் தள்ளும் முயற்சிகளுக்கு இடமளித்தன. நெல்லின் காலம் எழுத்தின் காலமாகுமா என்று ஐயுறுவாரும் உளர். இவ்வழக்கு எவ்வாறு முடியினும், தமிழின் சிறப்பு ஆண்டுக் கணக்கில் இல்லை என்பது எமது கருத்து. சுமேரியம் கி.மு. 2000ஐ ஒட்டிப் பேச்சு வழக்கொழிந்து, பின்னும் பல நூற்றாண்டுகள் எழுத்தர் பள்ளிகளில் மட்டுமே கற்பிக்கப்பட்டு மறைந்தது. தமிழோ எழுதப்பட்ட நாளிலிருந்து இன்றுவரை பேச்சும் எழுத்தும் அறாது வருவது. பேணத்தக்க பெருமை இத்தொடர்ச்சியே.

இனி நம் தீபகற்பத்திற்கு வருவோம். தாய்லாந்தின் தென்பகுதியில் கிராபி மாநிலத்துக் குவான் லுக் பாட் என்னுமிடத்தில் ‘பெரும்பதன் கல்’ எனத் தமிழ் பிராமியில் பொறித்த உரைகல் ஒன்று கிடைத்துள்ளது. பொற்கொல்லன் ஒருவனின் உடைமையாகிய அது கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது. ரனோங் மாநிலத்துப் பூ காவ் தோங்கில் கிடைத்த பானை ஓட்டிலுள்ள றகரம் தமிழுக்கே உரிய எழுத்தாதலின், கி.பி. 2ஆம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் அவ்வோடும் தமிழ்ச் சான்றே. மலாய் மொழியின் காலங்குறித்த மிகப் பழைய கல்வெட்டோ, பாலெம்பாங்கில் கிடைத்த கெடுக்கான் புக்கிட் கல்வெட்டாகும். அது கி.பி. 682ஆம் ஆண்டினது.

எழுத்தையே அளவுகோலாகக் கொண்டால் விளைவு என்ன? கடல் கடந்து வந்த பொற்கொல்லனின் மொழி இம்மண்ணில் மூத்தது என்றும், இக்காடுகளில் அவனுக்கு முன்பே வாழ்ந்தோரின் மொழிகள் இளையவை என்றும் கொள்ள நேரிடும். இம்முடிவை எவரும் ஏற்கார். நமக்குச் சாதகமாக அமையும்போது மட்டும் அதே அளவுகோலை ஏற்பது ஆய்வு நெறியாகாது.

எழுத்தில்லா அத்தகைய பேச்சு ஒன்றன் சுவடு ஜொகூரில் பதிவாகியுள்ளது. ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் 1847இல் தாம் நடத்திய ஆய்விதழில் ஜொகூரின் உள்நாட்டுப் பழங்குடியினரைப் பற்றி எழுதுகையில், கற்பூரம் தேடிச் செல்வோர் காட்டினுள் பேசும் தனிமொழி ஒன்றனைக் குறித்துள்ளார். லேக், கெல்சல் ஆகிய இருவரும் 1894இல் ‘ஜொகூரின் கற்பூர மரமும் கற்பூர மொழியும்’ என்னும் பொருளில் சொற்பட்டியலோடு கட்டுரை வெளியிட்டனர். ஸ்கீட், பிளாக்டன் ஆகியோரின் 1906ஆம் ஆண்டு நூல் இவற்றைத் தொகுத்து ஆராய்கின்றது. மலாயில் இதற்குப் ‘பந்தாங் காப்பூர்’, அதாவது கற்பூர விலக்கு, என்று பெயர்.

இவ்விலக்கு தோன்றிய காரணம் மரத்திலேயே உள்ளது. கற்பூரப் படிகம் மரத்தின் உட்பிளவுகளில் உறைந்து கிடப்பது. எல்லா மரத்திலும் கிடைப்பதன்று. பெருமரத்தை வீழ்த்திப் பிளந்த பின்னரே உண்டா இல்லையா என்பது தெரியவரும். இத்தகைய நிலையற்ற உழைப்பில் நம்பிக்கைகள் செழித்தல் இயல்பு. மரத்தைக் காக்கும் பீசான் என்னும் தெய்வத்தின் குரலே இரவில் சில்வண்டாக ஒலிக்கின்றது என்றும், அக்குரல் கேட்கும் இடத்தருகே கற்பூரம் உண்டு என்றும் யக்கூன் மக்கள் கருதினர். தேடும் நாள்களில் அன்றாடச் சொற்களை வழங்கினால் கற்பூரம் கிடைக்காது என்பதும் அவர்தம் நம்பிக்கை. ஆகவே விலங்கு, உணவு, கருவி முதலியவற்றுக்கெல்லாம் மாற்றுச் சொற்கள் வழங்கின. உணவு விலக்குகளும் உடன் இருந்தன.

இதனை விந்தையெனக் கருதத் தமிழாசிரியர்க்கு இடமில்லை. நன்னூலார் தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூவகைப்படுத்துகின்றார். செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் பொன்னைப் பறி என்பது குழூஉக்குறி. கற்பூர மொழியில் இவ்விரண்டும் ஒன்றாக இணைந்துள்ளன. தீங்கு நேராதிருக்கச் சொல்லை மாற்றுதல் மங்கலத்தின் பாற்படும். ஒரு தொழிற்குழுவுக்குள் மட்டும் அது வழங்குதல் குழூஉக்குறியின் பாற்படும். மேலை ஆய்வாளர் தனியொரு வகையாக விரித்துரைக்கும் விலக்குமொழிக்கு நம் இலக்கணத்தில் முன்னரே இடமிருத்தல் கருதத்தக்கது.

மொழி வரலாற்றுக்கு இதனால் வரும் பயன் யாது? யக்கூன் மக்கள் இன்று பேசுவது மலாய் இனத்தைச் சார்ந்த மொழி. கற்பூரச் சொற்களுள்ளும் பல, மலாய்ச் சொல்லைச் சுற்றிவளைத்து ஆக்கப்பட்டவையே. ஆயினும் மலாயால் விளக்க இயலாத சொற்களும் அவற்றிடையே உள்ளன. அவற்றுட் சில, மோன், கெமேர் மொழிகளை உள்ளடக்கிய ஆஸ்திரோ ஆசியக் குடும்பத்தின் அஸ்லி மொழிச் சொற்களோடு ஒத்திருத்தலைப் பிளாக்டன் காட்டினார். தென் தீபகற்பத்தில் மலாய் பரவுவதற்கு முன்னர் வேறு மொழிகள் வழங்கியிருத்தல் கூடும் என்பதற்கு இது ஒரு குறிப்பாகும். அன்றாடப் பேச்சு மாறிய பின்னரும், அச்சத்தால் காக்கப்பட்ட சொற்கள் காட்டினுள் எஞ்சின எனலாம். கல்லில் பொறிக்கப்படாத தொன்மை இவ்வாறும் நிற்கும்.

மொழிக்குடும்பங்களின் வயதைக் கணிக்கும் முயற்சிகளும் இதனையே உணர்த்துகின்றன. 2018இல் வெளியான ஓர் ஆய்வு திராவிட மொழிக்குடும்பத்துக்கு ஏறத்தாழ 4500 ஆண்டு வயது கணித்தது. நம்முட் சிலர் அதனைத் தமிழின் வயதெனவே எழுதினர். அது பிழை. அக்கணிப்பு தமிழுக்கு உரியதாயின், கோண்டிக்கும் குடகுக்கும் பிராகூயிக்கும் அதே அளவில் உரியது. தாய் ஒன்றாயின் மக்களுள் எவரும் தாயின் வயதைத் தமக்கென உரிமை கொண்டாட இயலாது.

இனி ‘கற்பூரம்’ என்னும் சொல்லையே காண்போம். மலாயில் ‘காப்பூர்’ என்பது சுண்ணாம்பையும் கற்பூரத்தையும் குறிக்கும். சுண்ணாம்பு என்னும் பொருளில் அது ஆஸ்திரோனேசிய மொழிகள் பலவற்றில் வழங்கும் பழஞ்சொல். வடமொழிக் கர்ப்பூரமும் அரபுக் காஃபூரும் தென்கிழக்காசியப் பேச்சுகளிலிருந்தே சென்றிருத்தல் வேண்டும் என்பது அறிஞர் பலரின் கருத்து. சிலப்பதிகார ஊர்காண் காதையில் அகில், துகில், ஆரம், வாசம் ஆகியவற்றோடு கருப்பூரமும் கீழ்க்காற்றோடு வந்த சரக்காகவே இடம்பெறுகின்றது. சுமாத்திராவின் பாருஸ் துறைக்கு அருகே லோபு துவாவில் 1088இல் தமிழ் வணிகர் பொறித்த கல்வெட்டு அத்துறையை வரோசு எனத் தமிழாக்கி வழங்குகின்றது. மலாய் மக்கள் இன்றும் ‘காப்பூர் பாரூஸ்’ என்னும் தொடரில் அத்துறையின் பெயரைப் பேணி வருகின்றனர். ‘கெடாய்’, ‘கட்டில்’, ‘மெம்பெலாம்’ என நம் சொற்கள் மலாயில் புகுந்தமையைப் பட்டியலிட்டு மகிழும் நாம், நாள்தோறும் ஆலயத்தில் ஏற்றும் பொருளின் பெயர் எதிர்த்திசையில் வந்திருக்கக்கூடும் என்பதனை அத்துணை ஆர்வத்தோடு எழுதுவதில்லை.

இன்று நாம் ஏற்றும் சூடம் பெரும்பாலும் ஆலையில் செய்யப்படுவது. காட்டுக் கற்பூரம் தேடும் தொழிலும் அருகிவிட்டது. கற்பூர மொழியை அறிய லோகன் குறிப்பும் 1894ஆம் ஆண்டுப் பட்டியலும் அவற்றை ஒட்டிய சில பதிவுகளுமே பெரிதும் துணையாகின்றன. இடைநிலைப்பள்ளியில் குழூஉக்குறி கற்பிக்கும் ஆசிரியர், பொற்கொல்லரின் பறிக்கு அடுத்து, எண்டாவ் ஆற்றங்கரைக் காடுகளில் கற்பூரம் தேடியோரின் வழக்கையும் எடுத்துக்காட்டாகத் தரலாம். ஜொகூர் மாணவர்க்கு அது தம் ஊர்ச் செய்தியும் ஆகும்.