உலைக்கு ஒட்டுப்போட்ட கதை

சேலத்திலிருந்து ஓமலூர் பக்கம் ரயிலில் போனவர்கள் மாக்னசைட் ஜங்ஷன் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கல்லின் பெயரையே ஸ்டேஷனுக்கு வைத்துவிட்டார்கள். சின்ன வயதில் நாங்கள் அந்த வெள்ளை மேட்டைச் சுண்ணாம்பு என்றுதான் நினைத்திருந்தோம். வெள்ளைக்காரர்களும் சாக் ஹில்ஸ் என்றே எழுதிவைத்தார்கள். 1968-ல் வடக்கே ஓர் உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், குடோனில் அடுக்கியிருந்த சாக்கு மூட்டைகளில் 'சேலம்' என்று மை அச்சு இருப்பதைப் பார்த்தேன். மொழி தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கல் எதற்கு என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

உருக்கு உருகி நிற்பது சுமார் 1,600 டிகிரியில். அந்தச் சூட்டை உலையின் இரும்புக் கூடு தாங்காது. உள்ளே கட்டியிருக்கும் செங்கல் சுவர்தான் காப்பு. லைனிங் என்போம். மாக்னசைட்டைச் சூளையில் நன்றாகச் சுட்டால் கரியமில வாயு போய் மிஞ்சுவது மக்னீசியா. அது உருக 2,800 டிகிரி வேண்டும். ஆனால் லைனிங்கைத் தின்பது சூடு மட்டுமல்ல. உருக்கின் மேல் மிதக்கிறதே கசடு, அதுதான் பெரிய எதிரி. அது சுவரைத் தொடும் இடத்தில், கரையை ஆறு அரிப்பதுபோல் அரித்துக்கொண்டே இருக்கும்.

இதிலே ஒரு பழைய கதை உண்டு. 1856-ல் பெஸ்ஸிமர் கண்டுபிடித்த உலையில் மணல்கல் வகைச் செங்கல்தான் போட்டார்கள். அதில் பாஸ்பரஸ் உள்ள இரும்பைப் போட்டால் உருக்கு நொறுங்கும். பாஸ்பரஸை இழுக்கச் சுண்ணாம்பு வேண்டும். சுண்ணாம்பைப் போட்டாலோ அந்தச் செங்கல்லை அது கரைத்துவிடும். இந்த முடிச்சை அவிழ்த்தவர் உலைக்காரர் அல்ல. லண்டன் போலீஸ் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த சிட்னி கில்கிரிஸ்ட் தாமஸ் என்ற இளைஞர். மாலை வகுப்பில் ரசாயனம் படித்தவர். வேல்ஸில் ஓர் இரும்பு ஆலையில் ரசாயனராக இருந்த தன் உறவினர் பெர்சி கில்கிரிஸ்டைச் சேர்த்துக்கொண்டு, சுவரையே சுண்ணாம்பு இனத்து டாலமைட் கல்லால் கட்டிப் பார்த்தார். 1879-ல் மிடில்ஸ்பரோவில் அது ஊரறிய வெற்றி பெற்றது. மிஞ்சிய கசடும் வயலுக்கு உரமாகப் போயிற்று. தாமஸ் 1885-ல், 34 வயதில் காலமானார். நம் சேலம் கல்லுக்கு வாழ்வு வந்தது இந்தக் குமாஸ்தாவால் என்று சொன்னால் அதிகப்படி இல்லை.

என் காலத்தில் எங்கள் ஆலையில் ஓபன் ஹார்த் உலைகள். பெரிய தொட்டி மாதிரி. முன்பக்கம் வரிசையாகக் கதவுகள். ஒரு ஹீட் எடுக்க எட்டு, பத்து மணி நேரம் ஆகும். உருக்கை வடித்ததும் உலையை அணைக்க மாட்டோம். ஆறினால் செங்கல் வெடித்துவிடும். எரிகிற உலைக்குத்தான் ஒட்டுப்போட வேண்டும். ஃபெட்லிங் என்று பெயர். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் மண்வெட்டி நிறையச் சுட்ட டாலமைட்டுடன் கதவண்டை ஓடி, பின்சுவரைப் பார்த்து வீசிவிட்டு விலகுவான், அடுத்தவன் வருவான். கொட்டக் கூடாது, வீசவேண்டும். களத்தில் நெல் தூற்றுகிற கைக்குத்தான் அந்தப் பக்குவம் வரும். கண்ணுக்கு நீலக் கண்ணாடி, நாக்குக்கு உப்பு மாத்திரை. மழைக்காலத்தில் தனித் தொல்லை. சுட்ட டாலமைட் ஈரத்தைக் குடித்து மாவாகிவிடும்.

சுவரைவிட அடித்தளம் மோசம். அங்கே குழி விழும். குழியில் தங்கிய உருக்கை முழுக்க வெளியேற்றி, மாக்னசைட்டை ஒரு படலம் போட்டு, அது இறுகும்வரை சுட்டு, பிறகு அடுத்த படலம். ஒன்றரை மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரமும் ஆகும். அந்த நேரத்தில் ஒரு டன்கூட வராது. அதனாலேயே மேலே இருப்பவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது.

ஒரு மார்ச் மாதக் கடைசி. கணக்கு முடிக்கிற நேரம். இரவு ஷிஃப்டில் பிகார்க்கார மிஸ்திரி என்னிடம் வந்து, "பாபுஜி, மூன்றாம் கதவுக்கு உள்ளே குழியில் உருக்கு நிற்கிறது. எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்கள்" என்றார். என் அப்பா வயது அவருக்கு. நான் போனில் கேட்டேன். "சார்ஜ் பண்ணு" என்று பதில் வந்தது. இருபது நிமிஷத்தில் மேலாக நாலு மண்வெட்டி வீசச் சொன்னேன். லாக் புக்கில் 'ஃபெட்லிங் முடிந்தது' என்று என் கையாலேயே எழுதினேன்.

உருக்கை வடிக்க ஒரு மணி இருக்கும்போது அடி உடைத்துக்கொண்டது. எல்லாரும் ஓடிவிட்டோம், ஒருவனைத் தவிர. ஒடியா பையன். முழங்காலுக்குக் கீழே வெந்துவிட்டது. உயிர் பிழைத்தான். பல மாதம் ஆஸ்பத்திரியில் இருந்து, கட்டையூன்றி ஊர் போனான்.

விசாரணை நடந்தது. லாக் புக்கைக் காட்டி இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். அதற்குமேல் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மிஸ்திரியை யாரும் கூப்பிடவே இல்லை. மாக்னசைட்டின் தரம் போதாது என்று அறிக்கை எழுதினார்கள். பழி கடைசியில் எங்கள் ஊர் மூட்டை மேல் விழுந்தது. மறுநாள் மிஸ்திரி எப்போதும்போல டீ கொண்டுவந்து கொடுத்தார். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு காலம் மாறியது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 1952-ல் ஆக்சிஜன் ஊதும் எல்.டி. கன்வெர்ட்டர் வந்தது, இந்தியாவில் அதை முதலில் வைத்தது ரூர்கேலா. ஒரு மணிக்குள் ஒரு ஹீட். மண்வெட்டி போய், மாக்னசைட் தூளைத் தண்ணீரோடு சூடான சுவரில் பீய்ச்சும் குழாய் வந்தது. கன்னிங் என்றார்கள். ஆனாலும் சில நூறு ஹீட், மிஞ்சினால் ஆயிரம் சொச்சத்தில் சுவர் முழுவதையும் இடித்துக் கட்டத்தான் வேண்டியிருந்தது.

பெரிய வித்தை 1990-களில் வந்தது. உருக்கை வடித்தபின் கசடு முழுவதையும் கொட்டாமல் கொஞ்சம் மிச்சம் வைத்து, டாலமைட் சேர்த்துக் கெட்டியாக்கி, ஆக்சிஜன் ஊதும் அதே குழாயால் நைட்ரஜனை ஊதுவார்கள். கசடு நாலாபுறமும் தெறித்துச் சுவரில் ஒட்டி இறுகிவிடும். சுவரை இத்தனை நாளும் தின்ற கசடே பூச்சு வேலை பார்க்கிறது! அமெரிக்காவில் இந்தியானா ஹார்பர் ஆலையில் ஒரே லைனிங் 15,000 ஹீட்டைத் தாண்டியது.

ஓய்வு பெறுவதற்குச் சில வருஷம் முன்பு, வேறோர் ஆலையில் இதை நேரில் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. பின்னர் லேசர் கருவியைத் திருப்பினார்கள். சுவர் எந்த இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் என்று திரையில் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த பையனிடம், லாக் புக் எங்கே தம்பி, யார் எழுதுவது என்று கேட்டேன்.

"யாரும் எழுத வேண்டாம் சார், அதுவே எழுதிக்கொள்ளும்" என்றான்.