நீர்வீக்கமும் பண்டையோர் பத்தியமும்

ஏற்காட்டு மலையிற் கிளியூரில் வாழும் எம் பெரிய தந்தையார்க்குச் சில ஆண்டுகளாகக் கால் வீங்கும். மேடேறினால் மூச்சு முட்டும். இரவிற் படுத்தால் இரைப்பு மிகும். இதயம் தளர்ந்து குருதியை நன்கு உந்தமாட்டாமையால் உடம்பில் நீர் தேங்குகின்றதென்று ஆங்கில வைத்தியர் மாத்திரை அளித்திருந்தனர். சென்ற ஆண்டு அவர் அவற்றை நிறுத்தி, மருதம்பட்டைக் கஷாயத்தை மட்டும் பருகிவந்தார். ஒரு திங்களுக்குள், நள்ளிரவில், 20 கொண்டை ஊசி வளைவுகளும் இறங்கிச் சேலத்திற்கு அவரைக் கொண்டுசெல்ல நேர்ந்தது. பிழைத்தார். பட்டையை வாங்கி அனுப்பியவர் யாமே. ஆதலின் பண்டை நூல்கள் உண்மையில் யாது கூறின என ஆராய்தல் எமக்குக் கடனாயிற்று.

முன்னோர் இந்நோயை ஒரு பெயரால் வழங்கினாரல்லர். வீக்கத்தைச் சோபை என்றும், வயிற்றில் நீர் கட்டுதலை மகோதரம் என்றும், இரைப்பைத் தனி நோய் என்றும் கொண்டனர். மேனாட்டாரும் நெடுங்காலம் அவ்வாறே. 1785-ல் வில்லியம் விதரிங் டிஜிடாலிஸ் இலையைப் பற்றி வெளியிட்ட நூலும் அதனை நீர்வீக்கத்திற்கு மருந்தாகவே பேசிற்று.

நிற்க. சரக சங்கிதை, வயிற்று நீரை வடித்தபின் கொள்ளவேண்டிய உணவை வகுக்குமிடம் வியப்புக்குரியது. முதல் 6 திங்கள் பாலே உணவு. அடுத்த 3 திங்கள் பாலோடு கஞ்சி. அதன்மேல் 3 திங்கள் சாமை இனத் தவசமேனும் வரகேனும் பாலோடு, உப்பின்றி, எளிதிற் செரிக்கும் அளவில். ஆக ஓராண்டு! 1866-ல் ருஷிய நாட்டுக் கரெல் என்னும் மருத்துவர் நீர்வீக்கமுற்றார்க்குச் சிறிதளவு பாலையே உணவாக விதித்தார். 1940-களில் அமெரிக்காவில் வால்டர் கெம்ப்னர் உப்பில்லாச் சோறும் பழமும் கொடுத்தார். உப்பு உடம்பில் நீரைப் பிடித்து நிறுத்தும். அளவாக உண்ணும் பாலிலோ உப்பு குறைவு. காரணம் அதுவே. சேர்வராயன் மலையாளிக் குடிகள் விளைத்துண்ட சாமையை நூல் கூறும் பத்தியத்தோடு ஒப்பிட்டு யாம் மகிழ்ந்ததுண்டு. ஆயின் அக்கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டையும் அப்பளத்தையும் என் செய்வது? எம் பெரிய தந்தையார் கஷாயத்தை ஒருவேளையும் தவறவிட்டதில்லை. எலுமிச்சை ஊறுகாயையும் விட்டதில்லை.

உப்பை மிகக் கடுமையாகக் குறைத்தலால் இறப்பும் மருத்துவமனைச் சேர்க்கையும் குறைந்தில என 2022-ல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கூறிற்று. எனவே அளவை அவரவர் வைத்தியரே வரையறுத்தல் வேண்டும்.

இனி மருது. வாக்படர் அதனை இதய நோய்க்கு ஓதினார். 11-ஆம் நூற்றாண்டினராகிய சக்கரபாணிதத்தர் பட்டையைப் பாலிற் காய்ச்சும் முறையை எழுதினார். 1995-ல் வெளிவந்த இந்தூர் ஆய்வில், மருந்துக்கு அடங்காத இதயத் தளர்ச்சியுடைய 12 பேர்க்குப் பட்டையின் சாறு நலம் தந்தது. 2016-ல் வெளியான தில்லி ஆய்விலோ, அதனை 12 வாரம் உண்டவர்க்கு இதயத்தின் உந்தும் ஆற்றல் கூடவில்லை. இவ்விரண்டிலும் எம் கண்ணில் உறுத்தியது வேறு: நோயாளர் எவரும் தம் வழக்கமான மாத்திரைகளை நிறுத்தினாரல்லர். பட்டை அவற்றோடு சேர்த்தே கொடுக்கப்பட்டது. யாம் அனுப்பிய பொட்டலத்தோடு இச்செய்தியை எழுதி அனுப்பினோமில்லை.

இப்பொழுது பெரியவர் மாத்திரை உண்கின்றார். நாள்தோறும் காலையில் எடை பார்த்துச் சுவரிற் கரியாற் குறித்து வைக்கின்றார். எடை திடீரென ஏறின் நீர் தேங்குகின்றதென்று பொருளாம். ஊறுகாய்ச் சாடி மருமகளின் காவலில் இருக்கின்றது.