பதிவுக்கடையும் பாட்டின் விலையும்

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமாவதற்கு நெடுங்காலம் முன்பே, பழைய தென்னார்க்காட்டின் மேற்குக் கோடியில், கரும்பும் மரவள்ளியும் விளையும் சமவெளிக்கும் கல்வராயன் மலைக்கும் பொதுவான சந்தை ஊராக இருந்தது. அம்மலையின் ஊர்கள் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்து அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்த 1976ஆம் ஆண்டிலேயே 'அன்னக்கிளி' வெளியாகி இளையராஜா அறிமுகமானார் என்பது தற்செயலே. ஆயினும் அடுத்த பத்தாண்டுகளில் இத்தகைய ஊர்களின் செவிப்பழக்கம் மாறியதற்கு அவருடைய பாடல்களும், பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் அறிமுகப்படுத்திய கேசட் எனும் ஒலிநாடாப் பேழையும் சேர்ந்தே காரணமாயின. இசைத்தட்டு வசதியான வீடுகளுக்கும் மைக்செட்காரர்களுக்கும் உரிய பொருளாக இருந்தது. கேசட்டோ பேட்டரியிலும் ஓடியது, அழித்து மீண்டும் பதியவும் இடம் கொடுத்தது.

பதிவுக்கடை அல்லது ரெக்கார்டிங் சென்டர் எனப்பட்ட சிறுதொழில் தமிழகத்தின் சிற்றூர்க் கடைத்தெருக்களில் இந்த வசதியிலிருந்தே பிறந்தது. கடைக்காரர் எல்.பி. இசைத்தட்டுகளை விலை கொடுத்து வாங்கி அடுக்கியிருப்பார். வாடிக்கையாளர் விரும்பிய பாடல்களைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெற்றுக் கேசட்டின் விலையோடு பதிவுக்கூலியும் செலுத்திவிட்டு, சில நாள் கழித்து வந்து பெற்றுக்கொள்வார். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாடல்கள் அடங்கின. நிறுவனங்கள் விற்ற கேசட்டிலோ பெரும்பாலும் பக்கத்துக்கு ஒரு படம் என்பதால், பிடித்த இரண்டு பாடல்களுக்காக மற்றவற்றையும் சுமக்க வேண்டியிருந்தது. ஆகவே விலை மிகுதி என்று கேட்பவர்கள் செய்த முறையீடு ரூபாயைப் பற்றியது மட்டுமன்று. பாட்டை உதிரியாக விற்க மறுத்த வணிக முறையைப் பற்றியதும் ஆகும்.

சட்டம் இந்த நுணுக்கத்துக்குள் புகவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டபோது, உரிமையின்றிப் படியெடுத்து விற்றால் குறைந்தது 6 மாதச் சிறையும் 50,000 ரூபாய் தண்டமும் என்றாயிற்று. நிறுவன உறையையே போலியாக அச்சிட்ட கள்ளக் கேசட் வணிகரும், இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்கி ஒருவருக்காகப் பாட்டெடுத்துத் தந்த கடைக்காரரும் ஒரே கூண்டில் நிற்க வேண்டியவர்கள் ஆயினர். அதே சட்டம் 'வெர்ஷன் ரெக்கார்டிங்' எனும் வாயிலையும் திறந்தே வைத்திருந்தது. அதாவது, மூலப்பாடல் வெளியான பின், உரிமைத்தொகை செலுத்தி வேறு குரலில் அதைப் பாடவைத்து வெளியிடலாம். குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் நிறுவனம் இதைப் பற்றிக்கொண்டு மலிவுக் கேசட்டுகளை நாடெங்கும் பரப்பிய பின், எச்.எம்.வி. போன்ற பழைய நிறுவனங்கள் தம் விலையைத் தவிர்க்க முடியாத செலவு என்று நியாயப்படுத்துவது எளிதாக இல்லை.

கேட்பவர் தரப்பு வாதத்திலும் ஓர் ஓட்டை உண்டு. பதிவுக்கூலியில் ஒரு காசும் இசையமைத்தவரையோ பாட்டெழுதியவரையோ சேரவில்லை. ஆனால் திரைப்பாடலின் உரிமை பொதுவாகத் தயாரிப்பாளரிடமிருந்து நிறுவனத்துக்குக் கைமாறியதால், முறையான கேசட்டின் விலையிலும் அவர்கள் பங்கு உறுதியாக இருக்கவில்லை. அந்தப் பங்கை அவர்களே எழுதிக் கொடுத்தாலும் செல்லாது என்றாக்கிய திருத்தம் 2012இல், கேசட் வழக்கொழிந்த பிறகே வந்தது.

அதற்குள் சரக்கும் மாறியிருந்தது. திருட்டு வி.சி.டி. விற்பவர்களையும் குண்டர் தடுப்புச் சட்டத்தில் ஓராண்டு வரை காவலில் வைக்கத் தமிழ்நாடு 2004இல் வழிசெய்த காலத்தில், நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களைக் கொள்ளும் எம்பி3 குறுந்தகடு கேசட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. பின்னர் அலைபேசிக் கடைகள் மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தந்து கூலி வாங்கின; பட்டியல் எழுதிய தாளுக்கு மட்டும் வேலை இல்லாமல் போயிற்று.