1997இல் கரும்பலகையில் நான் எழுதிய தவறு



"தாத்தா, எல் நினோ வருதாமே, மழை பெய்யாதா?" என்று பேரன் கேட்டான். 1997இல் என் வகுப்பில் இருந்தவர்களுக்கு என் சங்கடம் புரியும். அந்த ஜூனில், "எல் நினோ: இந்த ஆண்டு மழை பொய்க்கும்" என்று கரும்பலகையில் எழுதினேன். அந்த நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களில் ஒன்று அது. ஆனாலும் நாட்டில் தென்மேற்குப் பருவமழை சராசரியை ஒட்டியே பெய்தது. ஐப்பசியில் நமக்கு மழை விடுமுறையே கிடைத்தது!

மழையை முன்கூட்டி அறியும் தேடலுக்குப் பின்னால் பெரும் துயரம் உண்டு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மழை மட்டும் கொல்லவில்லை. தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது, நிவாரண வேலைக்கான கூலியையும் குறைத்தார்கள்.

அதன்பின் வானிலைத் துறையின் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்டு, இமயத்தில் பனி மிகுந்தால் மழை குறையும் என்று கண்டு, 1886இல் முறையான பருவமழைக் கணிப்பைத் தொடங்கினார். 1899இல் நல்ல மழை என்றார்கள். கடும் வறட்சி வந்தது.

1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர் கணிதம் படித்தவர். இந்தியக் குமாஸ்தாக்களைக் கொண்டு உலகெங்குமுள்ள பதிவுகளை ஒப்பிட்டார். பசிபிக்கில் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது, தராசுத் தட்டுகளைப் போல. அதற்குத் 'தென் அலைவு' என்று பெயரிட்டார். காரணம் அவருக்குப் பிடிபடவில்லை. பசிபிக் கடல்நீரின் சூடும் இந்த அலைவும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று 1969இல் யாக்கோப் பியர்க்னஸ் விளக்கினார்.

1999இல் இன்னொரு முடிச்சு அவிழ்ந்தது. இந்தியப் பெருங்கடலுக்கும் இப்படியோர் ஊசலாட்டம் உண்டு. மேற்கே சூடேறி, கிழக்கே குளிர்ந்தால் பெரும்பாலும் நம் மழைக்குத் துணை. 1997இல் அது வலுவாக இருந்தது. எல் நினோ ஆண்டுகளில் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் நன்றாகவே பெய்யும் என்பதையும் நான் அன்று சொல்லவில்லை.

அதற்காக அலட்சியமும் கூடாது. 2002இல் எல் நினோ அத்தனை வலுவில்லை. சராசரி மழை என்றே கணித்தார்கள். 19 சதவீதம் குறைந்தது.

பேரனிடம் சொன்னேன்: "கடல் சாத்தியத்தைத்தான் சொல்லும், தீர்ப்பு சொல்லாது. குளத்தைத் தூர்வாரி வைப்பது நம் வேலை."

1997 பிள்ளைகளே, பழைய நோட்டு இருந்தால் 'பொய்க்கும்' என்பதைப் 'பொய்க்கக்கூடும்' என்று திருத்திக்கொள்ளுங்கள். மதிப்பெண் குறைய வேண்டியது எனக்குத்தான்.