கரண்டுக்குப் பின்னால் வந்த ஓர்கன்

ஓர்கன் வாங்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது, “அண்ணே, யமஹாவா, கோர்க்கா?” என்றுதான். “உங்க டிவிசன்ல கரண்ட் எப்படி?” என்று நான் திருப்பிக் கேட்பேன். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வாத்தியத்தின் வரலாறே கரண்டின் வரலாறுதான்.

தப்புக்குக் கரண்ட் வேண்டாம். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்க, ஆள் கூப்பிட்டதும் தப்பு, மாசியில் காமன் கூத்தை நடத்தியதும் தப்பு. பஜனைக்கு ஆர்மோனியப் பெட்டி இருந்தது. 1842இல் பாரிஸில் தெபைன் காப்புரிமை பெற்ற அந்த வாத்தியத்தைக் காலால் மிதித்துத்தான் வாசிக்க வேண்டும். 1875இல் கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் அதைக் கையால் துருத்தி அமுக்கும் பெட்டியாக்கினார். தரையில் உட்கார்ந்து வாசிக்க முடிந்ததால் பஜனைக் கூடத்துக்குள் வந்தது. கமகம் வராது என்பதையும் ஒரு குறையாகச் சொல்லி அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதை ஒதுக்கி வைத்தது. எங்கள் லயங்களில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

1977இல் ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் இறக்குமதியைத் திறந்துவிட்டது. 1980இல் கேசியோ தன் முதல் கேசியோடோன் ஓர்கனை விற்பனைக்கு விட்டது. எங்கள் டிவிசனுக்கு வந்த முதல் கேசியோ, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன ஓர் அக்கா தம்பிக்கென்று கொண்டுவந்தது. அப்போது லயத்தில் கரண்ட் கிடையாது. துரை பங்களாவிலும் தேயிலை ஸ்டோரிலும் மட்டும் எரிந்தது. 1950இலேயே இயங்கத் தொடங்கிய லக்சபான மின்நிலையம் எங்கள் மலையில்தான் இருக்கிறது. அதன் கரண்ட் கொழும்புக்குப் போக, நாங்கள் பேட்டரி போட்டு வாசித்தோம்.

பிறகு அரேஞ்சர் வந்தது. இடது கையால் மூன்று கட்டையைப் பிடித்தால் டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் பின்னால் ஓடிவரும். ஆறு பேர் பிரித்துக்கொண்ட திருவிழாக் காசை இரண்டு பேர் பிரித்தோம். எனக்கு அது லாபம்தான். தபேலா வாசித்த மாமா கொந்தரப்பு வேலைக்குப் போனார்.

வீட்டில் பழகுவதற்கு யமஹா பிஎஸ்ஆர்-இ373 போதும். ஐந்து கிலோகூட இல்லை, ஆறு சின்ன பேட்டரியிலும் ஓடும். ஆனால் சுரத்தை வளைக்கும் சக்கரம் அதில் கிடையாது. வானொலிக்காரர்கள் ஆர்மோனியத்தின் மேல் சொன்ன அதே குறை. நாதஸ்வரம், புல்லாங்குழல் வாசிக்க ஆசைப்படுகிறவர் சக்கரம் உள்ளதையே பார்க்க வேண்டும். மேடைக்கென்றால் 2019இல் வந்த பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 நல்லது. பின்னால் ஓடும் தாளக்கட்டை, அதாவது ஸ்டைலை, நாமே செய்து ஏற்றலாம். ஆனால் அதற்குப் பேட்டரி கிடையாது. கோயில் சீரியல் பல்புகளையும் ஓர்கனையும் ஒரே ஜெனரேட்டரில் மாட்டினால், சாமி வெளியே வரும் நேரத்தில் கரண்ட் இறங்கி, ஓர்கன் அணைந்து, மறுபடி எழும்ப நேரமெடுக்கும். யூபிஎஸ் இல்லாமல் மேடை ஏறாதீர்கள். இன்னொன்று, எங்கள் பனி. கட்டைக்கு அடியிலுள்ள ரப்பர் தொடுபட்டையில் ஈரம் ஏறினால் சில சுரங்கள் ஊமையாகிவிடும். அடுப்புள்ள காம்பராவில் வைத்தால் புகை பிடிக்கும், வெளி இஸ்தோப்பில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். மூடியுள்ள பெட்டியில் வைப்பதுதான் வழி.

இனி விலை. 2021இல் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி ஆயிரம் ரூபாய் ஆனது. அடுத்த வருடமே, இருநூறு ரூபாய்க்கு இருந்த டொலர் முந்நூற்று அறுபதைத் தொட்டது. 2022 ஆகஸ்டில் இறக்குமதி நிறுத்தப்பட்ட முந்நூறு பொருட்களில் இசைக்கருவியும் இருந்தது. 1977இல் திறந்த கதவு கொஞ்ச நாள் மூடிக்கொண்டது. கட்டை உடைந்த பழைய ஓர்கனைக்கூட அப்போது விலை பேசினார்கள்.

எந்த ஓர்கனை வாங்கினாலும் எங்கள் காமன் கூத்து அடி அதற்குள் இருக்காது. ஒலிப்பதிவு செய்து, பொத்தானை அமுக்கினால் ஒலிக்கும் மல்டி பேடில் ஏற்றலாம், நானும் ஏற்றியிருக்கிறேன். ஆனால் ஆட்டக்காரர் காலைப் பார்த்து அது வேகம் மாற்றாது. தப்படிப்பவரைச் சாதி சொல்லி ஓரமாக நிறுத்திய தோட்டங்கள் இன்று ஓர்கனைச் சாக்கு வைத்து அவரைக் கூப்பிடாமலே விடுகின்றன. தம்பிமாரே, திருவிழாக் கமிட்டியோடு காசு பேசும்போது தப்புக்காரரின் கூலியையும் சேர்த்தே பேசுங்கள்.